ஓ.சி. என்றால் யார்? – இட ஒதுக்கீடு: ஒரு விளக்கம்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



நமது கல்லூரியில் அட்மிஷன் நடக்கும் மாதத்திலும், கேம்பஸ் இன்டர்வியூ நடக்கும் மாதத்திலும் தவறாமல் ஒரு பேச்சு எழும். "அவன் கோட்டாவுல வந்தவன்டா" என்பார் ஒருவர். "எங்களுக்கு 31 சீட்டு, உங்களுக்கு 69 சீட்டு, இது நியாயமா?" என்பார் இன்னொருவர். இதைக் கேட்டவர் ஒன்று சண்டைக்குப் போவார், இல்லையென்றால் தலையைக் குனிந்துகொண்டு லேப் பக்கம் போய்விடுவார். அந்த 31 யாருக்கு, அந்த 69 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இரண்டு பேருமே முழிப்பார்கள். பட்டிமன்றத்தில் 'சாதியா? பொருளாதாரமா?' என்று ஆளுக்கு எட்டு நிமிஷம் முழங்குகிறோம். கணக்கை மட்டும் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. நாமெல்லாம் டிப்ளமோ மாணவர்கள், கணக்கிலிருந்தே தொடங்குவோமே!

முதலில் கணக்கு

தமிழ்நாட்டில் இன்று உள்ள பங்கீடு இதுதான். பிற்படுத்தப்பட்டோர் (பி.சி.) 26.5 சதவீதம், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் (எம்.பி.சி.) 20, ஆதிதிராவிடர் (எஸ்.சி.) 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் (எஸ்.டி.) 1. கூட்டினால் 69. மீதி 31 சதவீதம் ஓ.சி.

இந்த ஓ.சி.யில்தான் பாதிக் குழப்பமும் இருக்கிறது. நம்மில் பலர் இதை 'அதர் கம்யூனிட்டி' என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதாவது எந்தப் பட்டியலிலும் வராத முன்னேறிய வகுப்பாருக்கு 31 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று! அப்படி இல்லை. அது 'ஓபன் காம்படிஷன்'. தமிழில் பொதுப் போட்டி. பொது என்றால் எல்லாருக்கும் பொது.

ஒரு பாடப்பிரிவில் 200 இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வந்த விண்ணப்பங்களை எல்லாம் சாதியைப் பார்க்காமல் மதிப்பெண் வரிசையில் அடுக்க வேண்டும். மேலிருந்து 62 பேரை எண்ண வேண்டும் (200இல் 31 சதவீதம் 62). அந்த 62 பேரும் பொதுப் போட்டியில் வந்தவர்கள். அதில் 35 பேர் பி.சி., 12 பேர் எம்.பி.சி., 6 பேர் எஸ்.சி. ஆக இருக்கலாம். எண்ணிக்கை நான் உதாரணத்துக்குச் சொல்வது. விஷயம் என்னவென்றால், அந்த 35 பேரும் பி.சி. கணக்கில் கழிக்கப்பட மாட்டார்கள், 6 பேரும் எஸ்.சி. கணக்கில் கழிக்கப்பட மாட்டார்கள். அவர்கள் தங்கள் மார்க்கில் வந்தவர்கள். 63ஆவது ஆளிலிருந்துதான் ஒதுக்கீட்டு வரிசைகள் தொடங்கும். அங்கிருந்து கீழே வரும்போது முதலில் வரும் 53 பி.சி. மாணவர்கள், முதலில் வரும் 40 எம்.பி.சி. மாணவர்கள், முதலில் வரும் 30 எஸ்.சி. மாணவர்கள் என்று எடுப்பார்கள். அந்த வரிசைக்கு உள்ளேயும் மார்க்தான், போட்டிதான். சும்மா யாருக்கும் தூக்கிக் கொடுப்பதில்லை.

ஒதுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் பொதுப் போட்டியில் தேறினால் அவரை ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றமும் 1992ஆம் ஆண்டின் மண்டல் வழக்குத் தீர்ப்பில் (இந்திரா சஹானி வழக்கு) சொல்லியிருக்கிறது. ஆகவே "உங்களுக்கு 69, எங்களுக்கு 31" என்பது தப்புக் கணக்கு. "எல்லாருக்கும் 31, அதற்குப் பிறகு சிலருக்கு 69" என்பதே சரி.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். முன்னேறிய வகுப்பில் பிறந்த ஒரு மாணவனுக்கு அந்த 31 மட்டுமே கதவு, அதிலும் எல்லாரும் அவனோடு போட்டி போடுகிறார்கள். ஆக அவன் சொல்லும் கஷ்டம் பொய்யல்ல. ஆனால் அந்த 31 'தன்னுடையது', அதில் மற்றவன் நுழைந்துவிட்டான் என்று அவன் நினைத்தால், அது தப்பு.

சரி, 200 என்று ஏன் எடுத்தேன்? 100 என்று எடுத்தால் 26.5 பேர் என்று வரும். அரை ஆளை எங்கே உட்கார வைப்பது? 200 என்றால் பி.சி. 53, முஸ்லிம் 7, எம்.பி.சி. 40, எஸ்.சி. 30, அருந்ததியர் 6, எஸ்.டி. 2, பொது 62 என்று முழு எண்ணாக வந்துவிடுகிறது. தமிழக அரசு வேலைகளுக்கு 200 இடங்கள் கொண்ட சுழற்சிப் பட்டியல் ஒன்று உண்டு. 'இனச்சுழற்சி' என்று செய்தித்தாள் விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். ஓர் அலுவலகத்தில் இந்த வருஷம் மூன்றே மூன்று வேலை காலி என்றால் அதில் 26.5 சதவீதம் எப்படிக் கொடுப்பது? அதற்காகத்தான் வரிசை எண். முதல் இடம் பொது, அடுத்தது இன்ன பிரிவு, அதற்கடுத்தது இன்ன பிரிவு என்று 200 வரை எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த வருஷம் எந்த எண்ணில் நின்றதோ, அடுத்த முறை அதற்கடுத்த எண்ணிலிருந்து தொடரும். 200 முடிந்தால் மறுபடி 1.

நமது வகுப்பு மாதிரி 60 இடத்துக்குப் போட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். 18.6, 15.9, 2.1, 12, 9, 1.8, 0.6 என்று வரும். ஒவ்வொன்றையும் அருகிலுள்ள முழு எண்ணாக்கிக் கூட்டினால் 61! ஒரு பெஞ்ச் அதிகம் போட வேண்டும். வெறும் சதவீதம் போதாது, முறை வரிசையும் வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது.

இன்னொரு சங்கதி. இன்ஜினியரிங் டிராயிங்கில் செங்குத்துக் கோடு, கிடைக்கோடு போடுகிறோமே, அது மாதிரி ஒதுக்கீட்டிலும் இரண்டு வகை உண்டு. மேலே சொன்ன சாதிவாரிப் பிரிவுகள் செங்குத்து. அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீதம், மாற்றுத்திறனாளிகளுக்கு 4, தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 என்பவை எல்லாம் குறுக்கே போகிற கோடுகள். அவை ஒவ்வொரு செங்குத்துப் பிரிவின் உள்ளேயும் புகுந்து போகும். பொதுப் பிரிவில் பெண்களுக்கான இடம் என்றால் அது எல்லாச் சாதிப் பெண்களுக்கும் உரியது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நமது சகோதரிகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

இது ஏதோ எலெக்‌ஷனுக்காக நேற்று முளைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். வயது நூறைத் தாண்டிவிட்டது. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சியில் 1921ஆம் ஆண்டு வகுப்புவாரி அரசாணை (கம்யூனல் ஜி.ஓ.) போடப்பட்டது. போட்டார்களே தவிர பல வருஷம் அது சரியாக நடைமுறைக்கு வரவில்லை. அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் காலத்தில், 1928இல்தான் உறுதியான வடிவம் கிடைத்தது. 12 வேலைகள் இருந்தால் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1.

இதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இதில் பொதுப் போட்டி என்று ஒன்றே கிடையாது. ரயிலில் எல்லாப் பெட்டியும் ரிசர்வ் பெட்டி. பிராமணர்களுக்கும் தனிப் பெட்டி உண்டு. இன்று உள்ள முறையில் சில பெட்டிகள் ரிசர்வ், ஒரு பெரிய பெட்டி எல்லாருக்கும். நூறு வருஷத்தில் நடந்த பெரிய மாற்றங்களில் இது ஒன்று. இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

1947இல் 12 என்பது 14 ஆக மாறியது. பிராமணர் அல்லாத இந்துக்கள் 6, பின்தங்கிய இந்துக்கள் 2, பிராமணர் 2, ஹரிஜனங்கள் 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர் 1, முஸ்லிம் 1. 'பிராமணர் அல்லாதார்' என்ற பெரிய மூட்டையை அவிழ்த்து 'பின்தங்கிய இந்துக்கள்' என்று ஒரு சின்ன மூட்டையைத் தனியே கட்டியது இங்கேதான்.

அடுத்தது 1950. ஜனவரி 26 அன்று அரசியல் சட்டம் வந்தது. அந்த வருஷமே இரண்டு பேர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மருத்துவக் கல்லூரி விஷயமாகச் செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணி. பொறியியல் கல்லூரி விஷயமாக சி.ஆர். சீனிவாசன் என்ற மாணவர். செண்பகம் விண்ணப்பமே போடவில்லை. பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு நேரே கோர்ட்டுக்குப் போனார். இரண்டு பேருமே ஜெயித்தார்கள். அரசு மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் கல்லூரி இடங்களுக்கான வகுப்புவாரி ஆணை செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஏன் செல்லாது என்றார்கள்? காரணம் சின்னது, ஆனால் முக்கியமானது. வேலைவாய்ப்பில் பின்தங்கிய வகுப்பினருக்கு இடம் ஒதுக்கலாம் என்று 16ஆவது பிரிவின் 4ஆவது உட்பிரிவில் ஆரம்பத்திலேயே எழுதியிருந்தது. படிப்புக்கு அப்படி ஒரு வரி எழுதப்படவில்லை. அரசு வேலைக்கு ஒதுக்கீடு உண்டு, அந்த வேலைக்குத் தேவையான படிப்புக்கு ஒதுக்கீடு இல்லை! கிணற்றைக் காட்டிவிட்டுக் கயிற்றை ஒளித்து வைத்தது மாதிரி. தமிழ்நாட்டில் பெரியார் தலைமையில் பெரும் கிளர்ச்சி நடந்தது. நேரு அரசு அந்த ஆண்டு ஜூன் மாதமே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து, 15ஆவது பிரிவில் 4 என்று ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. நீங்களும் நானும் இன்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பதற்கு அந்த ஒரு வரிக்கும் சம்பந்தம் உண்டு.

அதன் பிறகு பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஆதிதிராவிடர் பழங்குடியினருக்கு 16 என்று இருந்தது, சட்டநாதன் குழுவின் அறிக்கைக்குப் பிறகு 1971இல் 31, 18 என்று உயர்ந்தது. 1980இல் பிற்படுத்தப்பட்டோர் பங்கு 50 ஆனது. (அது ஒரு தனிக் கதை, கீழே வருகிறது.) 1990இல் பழங்குடியினருக்கு 1 சதவீதம் தனியாகப் பிரிந்தது. 50, 18, 1. ஆக 69.

1992இல் மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம், அசாதாரணமான சூழ்நிலை தவிர ஒதுக்கீடு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. 69 ஆபத்தில் மாட்டியது. 1993 டிசம்பர் கடைசியில் தமிழக சட்டமன்றம் தனிச் சட்டம் போட்டது. 1994 ஜூலையில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. அதே வருஷம் 76ஆவது திருத்தத்தின் மூலம் அந்தச் சட்டம் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஏறியது. அங்கே ஏறினால் கோர்ட் தொட முடியாது என்பது அப்போதைய நம்பிக்கை. 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அதில் சேர்க்கப்பட்ட சட்டங்களையும் அடிப்படைக் கட்டமைப்பை மீறுகின்றனவா என்று ஆராயலாம் என 2007இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே 69க்கு இரும்புப் பூட்டு போட்டாச்சு என்று யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

"ஏழைக்குக் கொடுங்க, சாதி எதுக்கு?"

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள், ரொம்ப நல்ல மனசோடவே கேட்கிறார்கள். தமிழ்நாடு இதைச் செய்து பார்த்தது. 1979இல் எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் உள்ள பிற்படுத்தப்பட்டோருக்குச் சலுகை கிடையாது என்று ஆணை போட்டது. எதிர்ப்பு கிளம்பியது. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. 2 இடம் மட்டுமே ஜெயித்தது. உடனே அந்த ஆணை வாபஸ் ஆனது. வாபஸ் ஆனதோடு நிற்காமல் 31 சதவீதம் 50 ஆகவும் உயர்ந்தது. அரசியல் கணக்கு என்பார்கள். இருக்கட்டும், அரசியல் இல்லாமல் இதில் எந்த எண்தான் மாறியிருக்கிறது?

மத்திய அரசு முறையில் வருமான வரம்பு இருக்கிறது. ஓ.பி.சி.க்கு 27 சதவீதம், ஆனால் 'கிரீமி லேயர்' என்கிற வசதி படைத்த பிரிவினரைக் கழித்துவிடுவார்கள். 2017 முதல் அதன் வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். 2019 ஜனவரியில் 103ஆவது திருத்தம் வந்து, வேறு எந்த ஒதுக்கீட்டிலும் வராத பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு 10 சதவீதம் கொடுத்தது. அதற்கும் வரம்பு 8 லட்சம்! வருமானத்தைக் கணக்கிடும் முறை இரண்டுக்கும் வேறுதான். ஆனாலும் ஒரே 8 லட்சம் ஓரிடத்தில் 'வசதி' என்றும் இன்னோரிடத்தில் 'ஏழ்மை' என்றும் பெயர் வாங்குவது எனக்குச் சிரிப்பாக வருகிறது. உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் 3க்கு 2 என்ற கணக்கில் அந்தப் 10 சதவீதம் செல்லும் என்றது. தமிழக அரசு தன் கல்லூரிகளிலும் வேலைகளிலும் அதை அமல்படுத்தவில்லை.

ஏழ்மையும் சாதியும் ஒன்றல்ல என்று நான் சொல்வதற்கு என் வீட்டையே காட்டலாம். நாங்கள் சலவைத் தொழிலாளர். அப்பா இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் அப்பாவை விடக் குறைவாகச் சம்பாதிக்கிற விவசாயி இருக்கிறார். பணக் கணக்கில் நாங்கள் அவரை விட ஒரு படி மேல். ஆனால் என் பாட்டி காலத்தில், ஊர்த் துணியை எல்லாம் வெளுத்துக் கொடுத்துவிட்டு, ராத்திரி வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி வருவதுதான் கூலி. அறுவடைக்குக் களத்தில் நெல் அளந்து போடுவார்கள். அப்பா ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினார். பணம் இல்லாமல் நிறுத்தவில்லை. துணி எடுக்க ஆள் வரலைன்னு ஊரே சத்தம் போட்டதால் நிறுத்தினார்கள். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அந்த விவசாயிக்கு உதவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவருக்குப் பணம் வேண்டும், உரத்துக்கு விலை குறைய வேண்டும், பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வேண்டும். எங்களுக்கு வேண்டியிருந்தது வேறு: அந்தத் தொழிலிலிருந்து வெளியே வர ஒரு வழி. இரண்டுக்கும் ஒரே மருந்து எழுத முடியாது.

மூட்டைக்குள் மூட்டை

பிற்படுத்தப்பட்டோர் என்ற பெரிய பட்டியலில் பெரிய சாதியும் இருக்கும், எங்களைப் போல் சிறிய சாதியும் இருக்கும். ஒரே வரிசையில் நின்றால் யார் முன்னால் போவார்கள்? நிலம் உள்ளவர், எண்ணிக்கை உள்ளவர், ஏற்கெனவே ஒரு தலைமுறை படித்தவர். மண்டல் குழுவில் இருந்த எல்.ஆர். நாயக் என்ற உறுப்பினர் 1980இலேயே இதற்காகத் தனிக் குறிப்பு எழுதினார். கைத்தொழில் சாதிகளைத் தனியே பிரியுங்கள், இல்லாவிட்டால் பெரிய மீன் சின்ன மீனைத் தின்றுவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். மற்றவர்கள் ஏற்கவில்லை.

தமிழ்நாட்டில் பிரிந்தது. ஆனால் அது யாரும் தாமாகக் கொடுத்தது இல்லை. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் ஒரு வாரச் சாலை மறியல் நடத்தியது. அந்தப் போராட்டத்தில் 21 பேர் உயிரிழந்தார்கள். 1989இல் கலைஞர் அரசு 50 சதவீதத்தை 30, 20 என்று பிரித்து, 20ஐ மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் கொடுத்தது. நான் வந்தது அந்த 20இல்தான். எங்கள் சாதிக்காரர் யாரும் அந்த மறியலில் நின்றதாக வீட்டில் சொல்லக் கேட்டதில்லை. வேறு யாரோ அடிபட்டு வாங்கியதில் எங்களுக்கும் பங்கு கிடைத்தது. இதை நான் மறைக்க வேண்டியதில்லை.

அந்த 20க்குள்ளும் இதே பிரச்சினை திரும்ப வந்தது. 2021இல் அதை 10.5, 7, 2.5 என்று மூன்றாகப் பிரித்துச் சட்டம் போட்டார்கள். 10.5 வன்னியர்களுக்கு. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் ரத்து செய்தது. உள்ளே பிரிக்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. பிரிப்பதற்கு ஆதாரமான தகவல் போதாது என்றது. ஆக, மறுபடி கணக்குதான்!

அருந்ததியர் விஷயத்தில் நடந்தது நேர்மாறு. எஸ்.சி. 18 சதவீதத்துக்குள் அவர்களுக்கு 3 சதவீதம் என்று 2009இல் சட்டம் வந்தது. துப்புரவுப் பணியிலும் செருப்புத் தொழிலிலும் தள்ளப்பட்ட மக்கள் அவர்கள். அந்த 3 போக மீதி 15இலும் அவர்கள் போட்டியிடலாம்; 3க்குத் தகுதியான அருந்ததியர் கிடைக்காவிட்டால் மற்ற எஸ்.சி. மாணவர்களுக்குப் போகும். எஸ்.சி. பட்டியலை மாநிலங்கள் உள்ளே பிரிக்கக் கூடாது என்று 2004இல் ஒரு தீர்ப்பு இருந்ததால் இதுவும் ஆடிக்கொண்டே இருந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகளில் ஆறு பேர், பிரிக்கலாம் என்று தீர்ப்பளித்தார்கள். பழைய தீர்ப்பு விழுந்தது.

இன்னும் தீராத முடிச்சுகள் உண்டு. ஒரே தெருவில், ஒரே வம்சத்தில், அண்ணன் வீட்டார் இந்துவாகவும் தம்பி வீட்டார் கிறிஸ்தவராகவும் இருந்தால், அண்ணன் மகன் எஸ்.சி., தம்பி மகன் பி.சி. எஸ்.சி. பட்டியல் இந்து, சீக்கிய, பௌத்த மதத்தாருக்கு மட்டும்தான். ஊர்க்காரன் சர்ச்சுக்குப் போகிறவனைத் தனியாகவா மதிக்கிறான்? சர்ட்டிபிகேட்டில்தான் வித்தியாசம்.

பழங்குடியினர் நிலைமை வேறு மாதிரி. அவர்களுக்கு 1 சதவீதம் இருக்கிறது, சர்ட்டிபிகேட்தான் கிடைப்பதில்லை. மற்றவர்களுக்குத் தாசில்தார் மட்டத்தில் முடிகிற வேலை அவர்களுக்குக் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். விசாரணை, மறு விசாரணை என்று இழுத்தடிப்பதில் அட்மிஷன் தேதியே முடிந்துவிடும். பாசிமணி விற்கும் நரிக்குறவர் சமூகம் பல பத்தாண்டுகள் கேட்டு, 2022 டிசம்பரில்தான் அவர்களை எஸ்.டி. பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அவர்கள் பிள்ளைகள் நம் கல்லூரிக்கு எப்போது வருவார்கள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

யாருக்கு எவ்வளவு என்பதற்கு ஆதாரமாக எல்லாச் சாதிகளையும் முழுசாக எண்ணி வெளியிட்ட கடைசி நாடு தழுவிய கணக்கெடுப்பு 1931இல், வெள்ளைக்காரன் காலத்தில் நடந்தது. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் எஸ்.சி. மக்கள் 20 சதவீதம் என்று தெரிகிறது, ஒதுக்கீடோ 18. மற்ற சாதிகளுக்கு இப்படி ஒப்பிட்டுப் பார்க்கவே வழியில்லை. அடுத்த கணக்கெடுப்பில் சாதியையும் கேட்பது என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரலில் முடிவெடுத்தது.

சரி, டிப்ளமோ முடித்த பிறகு?

நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது இதுதான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் என்று நம்மில் பெரும்பாலோர் போய்ச் சேரும் தனியார் தொழிற்சாலைகளில் சாதிவாரி ஒதுக்கீடு எதுவும் கிடையாது. "கோட்டாவுல வேலைக்குப் போயிடுவான்" என்று சொல்பவர்கள் எந்தக் கம்பெனியைச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை! அங்கே மார்க், பேச்சு, ஆங்கிலம் இவைதான் வடிகட்டி. போன செமஸ்டரில் நான் போன ஒரு இன்டர்வியூவில் வெல்டிங் பற்றி இரண்டு கேள்வி, அப்பாவைப் பற்றி நாலு கேள்வி. என்ன வேலை, சொந்த ஊரில் எந்தத் தெரு என்று. எந்தத் தெரு என்று எதற்குக் கேட்கிறார்கள் என்பது நம் எல்லாருக்கும் புரியும். செலக்ட் ஆகவில்லை, காரணம் இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது, அதை நிரூபிக்கவும் முடியாது. ஒதுக்கீடு இல்லாத இடத்தில் சாதியும் இருக்காது என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஒதுக்கீடு இருப்பது அரசுப் பக்கம். டி.என்.பி.எஸ்.சி. மூலம் வரும் பொறியியல் சார்ந்த பணிகள், மின்வாரியத் தொழில்நுட்பப் பணிகள் போன்றவற்றில் மாநில அரசின் 69. ரயில்வே இளநிலைப் பொறியாளர், நெய்வேலி, திருச்சி பெல் போன்ற மத்திய நிறுவனங்களில் ஓ.பி.சி. 27, எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, நலிந்த பிரிவு 10. ஆனால் நிரந்தர வேலையைக் குறைத்துக் கான்ட்ராக்டில் ஆள் எடுக்கும்போது இனச்சுழற்சி வருவதில்லை. வேலை அதே வேலை. மாறுவது சம்பளப் பட்டியலின் பெயர்தான். ஒதுக்கீட்டை ஒழிக்கணும், காப்பாத்தணும் என்று இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருக்கும்போது அது இப்படிச் சத்தமில்லாமல் கரைகிறது.

கடைசியாகச் சர்டிபிகேட் சமாச்சாரம். சீனியர்கள் சிலர் ஆன்லைனில் பரீட்சை எழுதிப் பாஸாகி, சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறோம். நம் கையில் உள்ள சாதிச் சான்றிதழ் மாநில அரசுக்கானது, நிரந்தரமானது. மத்திய அரசு வேலைக்கு அது போதாது. ஓ.பி.சி. என்று தனிப் படிவத்தில், 'கிரீமி லேயரில் வராதவர்' என்ற வாசகத்துடன் வேறு சான்று வாங்க வேண்டும். நம் பி.சி., எம்.பி.சி. இரண்டு பிரிவினருக்குமே அங்கே ஓ.பி.சி. என்ற ஒரே பெயர்தான். ஆனால் மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருப்பதில்லை. உங்கள் சாதிப் பெயர், எழுத்து உட்பட, அங்கே எப்படி இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்த 8 லட்சத்தில் சேராது. இது தெரியாமல் "எங்கப்பாவுக்குச் சம்பளம் ஜாஸ்தி" என்று விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் உண்டு. ஆனால் பெற்றோர் உயர் பதவியில் இருந்தால் அதற்குத் தனி விதி இருக்கிறது. அந்தச் சான்று ஒரு தடவை வாங்கினால் ஆயுசுக்கும் செல்லாது, புதுப்பிக்க வேண்டும். எந்தத் தேதிக்குள் வாங்கியிருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு அறிவிப்பிலும் படித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் வழியில் படித்தவர்கள் அதற்கான சான்றையும் தலைமையாசிரியர் மாறுவதற்குள் வாங்கி வைத்துக்கொள்ளவும்.

ஓ.பி.சி. படிவத்தின் மாதிரி ஒன்று பேரவை அறையில் பலகையில் மாட்டியிருக்கிறது. நகல் எடுப்பவர்கள் எடுத்துவிட்டுத் திரும்ப அங்கேயே மாட்டிவிடவும். போன மாதம் ஒன்று காணாமல் போய்விட்டது.